பதினோரு அட்டைகளை எடுத்தது மரியநேசன் அல்ல

செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் நுழையும்போது வாட்ச்மேன்தான் சொன்னார்: "மரியநேசன் சார் செத்துப் பூட்டாரு." கம்ப்யூட்டர் அறையில் அவரோடு வேலை பார்த்தவர்களே, இதை உங்களுக்காக எழுதுகிறேன். மேலாளரும் படிக்கட்டும்.

எந்தச் சரக்கு எந்தக் கிடங்குக்கு என்று பட்டியல் போடும் புரோகிராமுக்கு, கம்ப்யூட்டர் படிக்கும் ஓட்டை போட்ட அட்டைகளாக, நம்மிடம் ஒரே மாதிரி இரண்டு கட்டுகள் இருந்தன. ராயபுரம் ஆபீஸில் ஒவ்வொரு அட்டைக்கும் எண் உண்டு. எண்ணூர் ஆலையில் எண் கிடையாது. வரிசை கலைந்தால் தெரியக் கட்டின் மேல்விளிம்பில் கலர்ப் பென்சிலால் ஒரு சாய்கோடு, மாற்றங்களுக்கு ஒரு நோட்டு. இரண்டு கட்டையும் ஒன்றுபோல வைத்திருப்பது மரியநேசன் வேலை. சனிக்கிழமைதோறும் பிஸ்கட் டின்னில் ராயபுரம் கட்டை வைத்துக்கொண்டு எண்ணூருக்கு ரயிலேறுவார். இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வந்தால்தான் கீழே வைப்பார். "மாத்தினா ரெண்டுலயும் மாத்து, இல்லனா கை வைக்காத" என்பார்.

ஒரு புதன்கிழமை, பட்டியல் சீக்கிரம் வரவேண்டுமென்று எண்ணூர்க் கட்டிலிருந்து பதினோரு அட்டைகளை உருவியவர் நம் மேலாளர். அமில டிரம்களைத் தனிக் கிடங்குக்குப் பிரிக்கும் அட்டைகள் அவை. நோட்டில் எழுதவில்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சனிக்கிழமைக்கு முன்பே டிரம்கள் மூட்டைக் கிடங்குக்குப் போயின. ஒன்று ஒழுகி, லோடு தூக்கும் காசிமின் கால் வெந்தது.

விசாரணையில், "எண்ணூர் அட்டைகளை எடுத்துப்போய் மரியநேசன் ரயிலில் தொலைத்துவிட்டார்" என்று மேலாளர் கூசாமல் சொன்னார். எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். வாயைத் திறக்கவில்லை. மரியநேசனைக் கோணிக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள்.

அடக்கத்துக்குக் காசிம் வரவில்லை. வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெந்த காலை நீட்டிக் காட்டிக் கேட்டார்:

"அந்தாளு என்ன பாக்க வூட்டாண்ட வந்தாரு. மூஞ்சிலயே கதவ சாத்தினேன். நீ இத்தினி நாளா இன்னா பண்ணிகினு இருந்த?"



நேற்று இரங்கல் கூட்டத்தில் மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரையும் மன்னிக்கும் மனசு அவருக்கு" என்றார். பொய். போன மாதம் கேன்டீனில் மரியநேசன் என்னிடம் சொன்னது இது: "அவன நா மன்னிச்சுட்டேன்னு எவனாவது சொன்னா நம்பாத நைனா. உன்னையும் சேத்துதான் சொல்றேன், நீ பக்கத்துல நின்னது எனக்குத் தெரியும்."

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கோபம்தான். என் குற்றத்தை எழுதிய இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். கீழே மேலாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.