ஏழாவது மைலில் விழுந்தவர்

1. மனு

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வரப்புத் தகராறும் தறித் தகராறும் தட்டிப் பழகிய என் டைப்ரைட்டருக்கு எதிரே ஒருநாள் கடல் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவள் பக்கத்துத் தாமல் கிராமத்துக் கன்னியம்மா. பட்டு நூல் சுற்றிப் பிழைப்பவள்.

கணவர் ஏகாம்பரம் சரக்குக் கப்பலில் வேலை. மலாக்கா ஜலசந்தியில், பட்டப்பகலில், மேல்தளத்திலிருந்து தவறி விழுந்தார், உடல் கிடைக்கவில்லை என்று கேப்டன் எழுதியிருந்தார். இடம்: கரையிலிருந்து ஏழு மைல்.

“செத்துட்டாருன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் குடு சார். மாமியா நம்ப மாட்டேங்குது. ‘எம்புள்ள வருவான், பூ வைடீ’ன்னு தெனம் அதுவே வெச்சு உடுது. தெருவுல, ‘புருசன் கடல்ல, இவளுக்குக் கனகாம்பரம் கேக்குதா’ன்னு சிரிக்கிறாங்க. நான் அழுவறதா, காத்துக்கினு இருக்கறதா?”

2. இரண்டு பதில்

எந்த நாட்டுக் கடலோ அந்த நாட்டுப் பதிவேட்டில் சாவு ஏற வேண்டும் என்று நினைத்தோம். கரை நாடு பன்னிரண்டு மைல் வரை தன் கடல் என்றது. கப்பலைப் பதிவு செய்திருந்த கொடி நாடோ மூன்று மைலுக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு அப்பால் பொதுக்கடல், எந்தக் கப்பலும் கேட்காமல் போகலாம் என்றது. இரண்டுக்கும் எழுதினேன்.

கரை நாடு: கடந்துபோன அந்நியக் கப்பலில் நடந்தது, கொடி நாட்டைக் கேளுங்கள். கொடி நாடு: தேடியது கரை நாட்டுப் படகு, அவர்களைக் கேளுங்கள்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அந்தத் தண்ணி எனக்குத்தான்னு ரெண்டு பேரும் அடிச்சிக்கிறான். அதுல உழுந்தவன் மட்டும் வேணாமாம்பா.”

3. என் தப்பு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பாதகமான பதில் வந்தால், அடுத்த மனு போட்ட பிறகுதான் கட்சிக்காரரிடம் வாய் திறப்போம். போட்டேன். அதற்கும் கைவிரிப்பு. மறுபடி போட்டேன். செவ்வாய்தோறும் அவள் வந்தாள். “எழுதியிருக்குதும்மா, வரும்” என்றேன். அவள் கூந்தலில் பூ வாடியது, புதிதாய் வந்தது, வாடியது.

ஒரு செவ்வாய், பிரிந்து கிடந்த வழக்குக் கட்டின் மேல் அவள் கண் போயிற்று. நான்கு வெளிநாட்டு உறைகள்.

“பதிலே வரலன்னியே. இதெல்லாம் எந்த ஊரு ஸ்டாம்பு?”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“மொதக் கடுதாசி எப்ப வந்துது?”

“ஆடியில.”

“இது வைகாசி.” தலையிலிருந்த சரத்தை உருவி டைப்ரைட்டர் மேல் வைத்தாள். “அவங்களாவது கண்காணாத தேசத்துல இருக்கறாங்க. நீ மேசைக்கு அந்தாண்டதான சார் இருந்த?”

அப்புறம் அவள் வரவே இல்லை.

ஏழெட்டு வருஷம் போயும், நாடுகள் கூடி ஜலசந்திச் சட்டம் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. பேப்பரில் தேடித் தேடிப் படிக்கிறேன். மைல் வருகிறது, கொடி வருகிறது, ஏகாம்பரம் வருவதில்லை. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, பதில் வந்த அன்றே சொல்லிவிடுங்கள், எவ்வளவு கெட்ட பதிலானாலும். ஒருத்தி அழ வேண்டிய பத்து மாதத்தை நான் சிவப்பு நாடாவில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.