ஏழாம் நம்பரும் பதினொன்றாம் நம்பரும்

கும்மிடிப்பூண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் ஜம்புலிங்கம் சார் என்னை போர்டு முன்னால் உட்காரவைத்து ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார்.

"தோ பாரும்மா, ஏழாம் நம்பர் ஷட்டர் வுழுந்துச்சுன்னா மத்ததெல்லாம் அப்படியே போட்டுட்டு அத எடு. எம்.எல்.ஏ. ஊடு. லேட்டாச்சுன்னா பேஜாராப் பூடும்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறுபதுகளில் எங்கள் பக்கம் டயல் கிடையாது. வீட்டில் இருப்பவர் போனின் கைப்பிடியைச் சுற்றினால், போர்டில் அவர் நம்பருக்குரிய சின்ன மூடி டக்கென்று விழும். அதுதான் ஷட்டர். நாங்கள் கார்டு என்கிற வயரின் ஒரு முனையைச் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, அவர் சொல்லும் நம்பரில் அடுத்த முனையைச் சொருகி மணியடிப்போம். இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்தது காதில் விழுந்த பிறகுதான் கீயை மூடி, எங்களுக்குக் கேட்காதபடி செய்ய வேண்டும். அதற்கு மேல் கேட்டால் மெமோ வரும்.

எம்.எல்.ஏ. கோதண்டம் கடுகடுப்பான ஆள். கனெக்‌ஷன் கிடைக்க நேரமானால் என்மீது எரிந்து விழுவார். அவருடைய ஊரான ஏனாதிப்பட்டிலிருந்து எங்களுக்குத் தினமும் மோர் கொண்டுவரும் பச்சையம்மாவுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. நிலம், மாடு என்று வசதியாக இருந்த சம்சாரி வீட்டுக்காரி. வாய் மட்டும் நிற்காது.

"மனுசனா அவன்? ஒரு வேலயா ஊட்டாண்ட போய் நின்னா நாய் மாதிரி வுழுவான். அவனுக்கு ஓட்டுப் போட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்பாள். மோர் ஊற்றி முடிப்பதற்குள் அவருடைய ஐந்து வருஷத்தையும் கழுவி ஊற்றிவிடுவாள். எனக்கும் அது கேட்க இதமாகத்தான் இருந்தது.

அடுத்த தேர்தலில் கோதண்டம் தோற்றார். ஜெயித்தவர் முனிரத்தினம். மேடைக்கு மேடை கோதண்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவர். அதற்கு முன்பிருந்தே இருவருக்கும் பேச்சு இல்லை.

ரிசல்ட் வந்த மறுநாள் போர்டைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. ஏழாம் நம்பரை யாரும் கேட்கவில்லை. அங்கிருந்தும் ஷட்டர் விழவில்லை. முனிரத்தினம் வீட்டுப் பதினொன்றாம் நம்பர் ஓயாமல் விழுந்தது. ஜம்புலிங்கம் சார் கொஞ்சமும் கூச்சமில்லாமல் வந்து, "இனிமே பதினொண்ணு வுழுந்தா மத்தத அப்படியே போட்டுட்டு எடும்மா" என்றார்.

ஜீப்

அந்த வருஷ மழைக்காலத்தில், ஒரு நாள் காலையில், ரொம்ப நாளைக்குப் பிறகு ஏழாம் நம்பர் விழுந்தது. கோதண்டம்தான் பேசினார்.

"அம்மா, பச்சையம்மா மருமவளுக்குப் பிரசவ வலி. கொழந்த திரும்பி நிக்குதாம், மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. சேத்துல மாட்டுவண்டி போவாது. ஜீப்பு வந்தாத்தான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவ முடியும். சீக்கிரம் போடும்மா."

ஏனாதிப்பட்டில் இருந்த ஒரே போன் அவருடையது. அவர் கேட்ட நம்பர், ஜீப் வைத்திருந்த ஒரு சர்க்கார் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது? அங்கிருந்த குமாஸ்தா, "யாரு பேசுறது?" என்று கேட்டார். சொன்னேன். பிரசவக் கேஸ் என்றும் சொன்னேன்.

"ஐயா வெளியில போயிருக்காருன்னு சொல்லிடும்மா."

அந்த ஐயா பக்கத்தில் நின்று இருமியது எனக்குக் கேட்டது. போன வருஷம் ஏழாம் நம்பர் என்று சொன்னாலே நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசியவர் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோதண்டத்திடம், "வெளியில போயிருக்காராம்" என்று மட்டும் சொன்னேன்.

"உள்ளதான் கீறாரு, இல்லையா?"

எரிந்து விழுவார் என்று நினைத்தேன், சத்தம் போடவில்லை.

"சரி. பதினொண்ணு போடு."

"ஐயா?"

"முனிரத்தினம் ஊடுதாம்மா. போடு."

கார்டைச் சொருகினேன். போனை எடுத்தது முனிரத்தினமேதான்.

"முனிரத்தினம், கோதண்டம் பேசுறேன். எனக்கு ஒரு ஒதவி வேணும்."

எங்கே வைத்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"சொல்லுங்கண்ணா" என்றார் முனிரத்தினம். நான் கீயை மூடினேன்.

அவர்கள் பேசி முடித்ததும் பதினொன்றாம் நம்பர் விழுந்தது. அதே ஆபீஸ். அதே குமாஸ்தா. "ஐயாவா, இதோ பக்கத்துலயே இருக்காருங்க" என்றார். வெளியில் போனவர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் மோர் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் பச்சையம்மா கல்கண்டோடு வந்தாள். பேரன் பிறந்திருந்தான். தாயும் பிள்ளையும் நலம்.

"எங்க கோதண்டம் நைனா மாதிரி வருமாம்மா? பட்டுனு பேசுவாரு, மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு" என்றாள்.

'நாய் மாதிரி வுழுவான்' என்று சொன்ன அதே வாய்தான். நான் விடவில்லை. "ஜீப் அனுப்பி வெச்சது முனிரத்தினம்தானே?"

"அவன் அனுப்பாம இன்னா பண்ணுவான்? அதுக்குத்தான ஓட்டுப் போட்டோம்?"

பெருமை முனிரத்தினத்துக்குத்தான் என்று கோதண்டமே சொல்லியும் அவள் கேட்கவில்லையாம். அவளென்ன, ஏனாதிப்பட்டில் யாருமே கேட்கவில்லை. பின்னால் முனிரத்தினம் போட்ட ரோடு, கொண்டுவந்த கரண்டு எதுவும் கணக்கில் வரவில்லை. கோதண்டம் செய்த ஒரு போன்தான் ஊரெல்லாம் பேச்சு. அன்றிலிருந்து, நாற்காலியில் இருப்பவரைப் பற்றி ஊர் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன். இறங்கியவரைப் பற்றிச் சொல்வதிலும் பாதிதான். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கு எனக்குத் தப்பியதில்லை.

அடுத்த ரிசல்ட்

எழுபதுகளின் தொடக்கத்தில் முனிரத்தினமும் தோற்றார். மறுநாள் டூட்டியில் நான்தான் இருந்தேன். பதினொன்றாம் நம்பரை யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் ஏழாம் நம்பர் விழுந்தது.

"முனிரத்தினத்தப் போடும்மா. காலையிலேர்ந்து ஒருத்தனும் பேசியிருக்க மாட்டான்."

போட்டேன். அங்கே உடனே போனை எடுத்தார்கள்.

"இன்னா முனிரத்தினம், சோறு துன்னியா?"

"எறங்கலண்ணா."

"துன்னு. அந்த ஜீப்ப அனுப்புனது நீதான்னு நானும் நாலு வருசமா சொல்லிக்கினு கீறேன், ஒருத்தனும் கேக்கல. நீயும் தோத்துட்ட இல்ல, இனிமே கேப்பாங்க, பாரு."

அந்தப் பக்கம் முனிரத்தினம் சிரிப்பது கேட்டது. நான் கீயை மூடினேன்.