கனமாக உள்ளே போய் இலேசாக வெளியே வந்த பை

வேம்புவின் பைமேல் எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அது கனக்கக் கூடாத நேரத்தில் கனத்தது.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் இரண்டாம் கேட்டில் பதினோரு வருடமாகக் காவலுக்கு நிற்கிறேன். திருடுகிறவன் பை காலையில் காலியாக உள்ளே போகும், சாயங்காலம் கனத்து வெளியே வரும். சாப்பாட்டுத் தூக்குக்குள் பேரிங் வைத்துக்கொண்டு போனவனைக்கூடப் பிடித்திருக்கிறேன். வேம்புவின் மஞ்சள் பை அப்படியில்லை. காலையில் தூக்கிப் பார்த்தால் இரண்டு கிலோ தேறும். சாயங்காலம் ஒரு கிலோகூட இருக்காது. அப்படியென்றால் எதையோ உள்ளே விட்டுவிட்டு வருகிறாள்.

வேம்பு பூலாம்பாடிக்காரி. வயது நாற்பது இருக்கும். பேக்கிங் பகுதியில் பெருக்குகிற காண்ட்ராக்ட் ஆள். யாரோடும் அதிகம் பேச மாட்டாள். பேசாத ஆளை நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

"பையில என்னம்மா?"

"துணிண்ணே."

"பெருக்குற எடத்துக்கு எதுக்குத் துணி?"

"சும்மாதாண்ணே."

இதுவரை என்னிடம் பிடிபட்ட அத்தனை பேரும் முதலில் சொன்னது இந்தச் 'சும்மா'தான். பையைப் பிரித்தேன். கம்பளி மாதிரி மெத்தென்ற போர்வைத் துண்டுகள் நாலைந்து. நடுவில் காய்ந்த புல். ஒரு மாதிரி வாடை. மூக்கைச் சுளிக்கவைத்துச் சோதனையைத் தவிர்க்கிற தந்திரம் என்று நினைத்தேன். ஆலைக்குள் புகையிலைக்குத் தடை. லோடுமேன்களிடம் ஒரு பொட்டலம் மூன்று மடங்கு விலைக்குப் போகும். துணிக்குள் மறைத்து விற்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். உடம்பைச் சோதிக்க வேண்டிய பெண் காவலர் அந்த வாரம் லீவு.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் கேட்டில் வேறு ஆளை நிறுத்திவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

கேண்டீன் பக்கச் செம்பருத்தி வரிசையில் குந்தினாள். துணியை உதறினாள். மிளகைவிடப் பெரிய உருண்டைகள் மண்ணில் விழுந்தன. கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். புதைக்கிறாள்! பிறகு ஒர்க்‌ஷாப் சுவரோரம் போய்க் இயந்திரத் தூசியை ஊதித் தள்ளுகிற காற்றுக் குழாயை எடுத்துத் துணிமேல் அடித்தாள். இலவம்பஞ்சு வெடித்த மாதிரி என்னவோ பறந்தது.

"ஏய், நில்லு! என்னது அது?"

"மொசலு முடிண்ணே."

"மொசலா? யாரு காதுல பூ சுத்துற?"

"நெசமாத்தாண்ணே. வூட்ல ரெண்டு வளக்குறேன். அதுங்களுக்குக் கீழ விரிக்கிற துணி."

சுவரில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாயை உடம்பிலோ உடையிலோ அடிக்கக் கூடாது, மீறினால் கேட் பாஸ் ரத்து.

"போர்டுல என்ன போட்ருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்ணே. நேத்து சாயங்காலம் இங்கதான் நீங்க காக்கிச் சட்டையக் கழட்டித் தூசி அடிச்சீங்க. அப்ப போர்டு இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்காக விட்டுவிட முடியுமா?

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வருவேன். மொசலு இல்லன்னு வையி, திங்கக்கெழம ஒனக்குப் பாஸ் இல்ல."

"வாங்கண்ணே," என்றாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

போனேன். சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரத்தில், வரிசை வீட்டில் ஒற்றை அறை. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். நாற்றமே இல்லை. முயல் இருக்கிற வீடு நாறாமல் இருக்குமா? பொய்தான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தால், ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருந்தன.

அவள் புருசன் பெரியசாமி பண்ணை வைக்கிறேன் என்று பத்து முயல் வாங்கி வந்தானாம். குட்டி போட்டால் நானே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முயலை விற்றவன் போனை அணைத்துவிட்டான். பெரியசாமி எட்டைக் கறிக்கடைக்குத் தள்ளிவிட்டுத் திருப்பூர் போனான். இப்போது அவன் போனும் அணைந்துதான் கிடக்கிறது. இந்த இரண்டையும் இவள்தான் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றினாளாம்.

"மொதல்ல பேப்பர் போட்டேன். நனஞ்சதும் கிழிச்சுத் தின்னுதுங்க. மரத்தூள் போட்டேன், தும்முச்சுங்க. சாக்கு விரிச்சா நூல்ல நகம் மாட்டுது. துண்டு போட்டா ஈரம் மேலயே நிக்கும், பாதம் புண்ணாப் போச்சு."

"இப்ப என்ன போட்ருக்க?"

ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ரப்பர் ஷீட், நடுவில் பழைய துண்டு, மேலே ரோட்டோரத்தில் விற்கிற மெத்தென்ற போர்வையை வெட்டியது.

"மேல உள்ளது ஈரத்தக் குடிக்காதுண்ணே. கீழ எறக்கிவுட்ரும். தொவச்சுத் தொவச்சுப் போட்டு ரெண்டு வருசமா இதேதான் ஓடுது."

நம்பவில்லை. சொம்புத் தண்ணீரை வாங்கி மேலே ஊற்றினேன். கொஞ்சம் பொறுத்துப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். கை நனையவில்லை. கறுப்பு முயல் என்னை முறைத்தது.

"இதுக்கு எதுக்கு ஆலைக் காத்து?"

"முடியோட அலசுனா சாக்கடை அடைக்குது. சந்துல ஒதறுனா காயப்போட்ட துணியெல்லாம் முடி. மொசலு வேணுமா வூடு வேணுமான்னு வூட்டுக்காரம்மா கேட்டுட்டாங்கண்ணே."

திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரி அறிவழகன் என்னைக் கூப்பிட்டார். எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான்.

"வேம்பு பையில புகையிலையாமே?"

"மொசலுக்கு விரிக்கிற துணி சார்."

"வெளையாடுறீங்களா?"

"வூட்டுக்கே போய்ப் பாத்துட்டேன் சார்."

"காத்துக் குழாயத் தொட்டாங்களா இல்லியா? தொட்டா பாஸ் ரத்து. அவ்ளோதான்." பேனாவைத் திறந்துவிட்டார். காண்ட்ராக்ட் ஆளுக்குப் பாஸ் போனால் வேலை போனது, அறைக்கு வாடகை போனது, முயலும் கறிக்கடைக்குத்தான்.

"தொட்டாங்க சார். நானும் சட்டையில அடிச்சிருக்கேன். பேக்கிங்ல முப்பது பேரு தெனம் அடிக்கிறாங்க. எழுதுறதுன்னா எல்லாத்தையும் எழுதுங்க. மொதல்ல எம்பேரு."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறார். நான் ஊரைப் பார்க்கிற பார்வைதான் அது, எனக்குத் தெரியாதா? கடைசியில் பேனாவை மூடினார். பாஸ் தப்பியது. ஆனால் காற்றுக் குழாய்க்குப் பூட்டு, பெருக்குகிற ஆட்கள் பை கொண்டுவரத் தடை.

பூட்டுக்கு வேம்புதான் காரணம் என்று லோடுமேன்களுக்குக் கோபம். "மொசலம்மா, எங்க சட்டையையும் ஒங்க மொசல வுட்டு நக்கச் சொல்லுங்க" என்று கத்துவார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

துணிக்கு வழி தர்மனின் பஞ்சர் கடையில் கிடைத்தது. காற்றுக்குத்தான் அவளைக் கூட்டிப்போனேன். தர்மன் துணியைப் பார்த்துவிட்டு, கிழிந்த சைக்கிள் டியூபைக் கையில் சுற்றித் துணிமேல் ஒரே பக்கமாகத் தேய்த்து இழுத்தான். முடி திரிதிரியாக உருண்டு வந்தது. இதற்குக் காற்றும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து இழுத்துப் பொட்டலம் கட்டிவிட்டுத் துவைக்கிறாள். வீட்டுக்காரம்மா வாய் மூடியிருக்கிறது.

போன வாரம் காலையில் வேம்பு கேட்டில் நின்றாள். பை இல்லை. கையில் ஒரு பேப்பர் பொட்டலம், நூல் போட்டு இறுக்கிக் கட்டியது.

"என்ன இது?"

"மொசலுப் புழுக்கைண்ணே, செம்பருத்திக்கு எரு. நான் போடாததுல எல பழுத்துப் போச்சு."

வாங்கித் தூக்கிப் பார்த்தேன். கால் கிலோ இருக்கும். அவளை நம்பலாம்தான். இருந்தாலும் நூலை அவிழ்த்து, விரலால் கிளறிக் கடைசி உருண்டைவரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன்.