ஆறாவது எண்ணெய்த் துளை

என் கணவரின் தம்பி மரக்காணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். உப்பளத்துப் பம்புகளுக்குத்தான் பெரும்பாலும் வேலை. லேத் ஏலத்தில் வந்தது. எங்கள் இருவரையும்விட வயதானது. அதோடு ஒரு இங்கிலீஷ் மேனுவலும் வந்தது.

சென்ற கோடையில் ஒரு காலை என்னை அழைத்தார். லேத் ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடம், இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்குக்குப் பின்னால் இருக்கும் பேரிங் கை வைக்க முடியாமல் சுட்டது.

"பேப்பர் ஆபீஸ்ல இருந்தவங்க, இதைப் படிச்சு சொல்லுங்க அண்ணி."

பம்ப் ஷாஃப்ட்டைக் கடையக் கொடுத்த உப்பளக்காரர் வாசலிலேயே நின்றார். பாத்திகளுக்குத் தண்ணீர் போய் இரண்டு நாளாகிவிட்டது. மாலைக்குள் பாய்ச்சாவிட்டால் தரை வெடித்துவிடும். மறுபடி மிதித்துச் சமன் செய்ய வேண்டும்.

எண்ணெய் விடும் இடங்களை மேனுவல் படத்தில் ஒன்பது அம்புக்குறிகளால் காட்டியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் விரல் வைத்தார். எட்டு கிடைத்தன. ஆறாவது இடத்தில் வெறும் பச்சைப் பெயிண்ட்.

படத்தில் பெல்ட் ஓடும் சக்கரத்துக்கு நான்கு படிகள். லேத்தில் மூன்று.

"தம்பி, இது இந்த மெஷின் புக்குதானா?"

"அதோடதான் வந்துச்சு."

"ஏம்பா, கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும் பரவால்ல. என் ஷாஃப்ட் எப்போ?" என்றார் உப்பளக்காரர்.

பெயிண்ட் ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. பச்சைக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் மறுபடி பச்சை.

"எத்தனை தடவை அடிச்சே?"

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு. இல்லைன்னா உப்புக்காத்து தின்னுடும் அண்ணி."

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். அம்புக்குறி காட்டிய இடத்தில் இரும்புதான் இருந்தது. இரண்டு விரற்கடை தள்ளிச் சுரண்டியபோது முனை உள்ளே இறங்கியது. அரை கேன் எண்ணெயைக் குடித்த பிறகே துளை நிரம்பியது.

அரை மணி நேரம் ஓட்டினோம். பேரிங் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. நான்கு மணிக்கு உப்பளக்காரர் ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு போனார்.

நான் மறுபடி எண்ணினேன். புத்தகத்திலும் ஒன்பது, லேத்திலும் ஒன்பது. ஆனால் அதே ஒன்பது இல்லை. மற்ற எட்டும் ஏன் பொருந்தின என்று புரியவில்லை. அம்புக்குறியைத் திருத்துவதா, அட்டையிலேயே வேறு மெஷின் என்று எழுதுவதா? பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன்.

நிமிர்ந்தபோது அவர் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்திருந்தார்.

"எதுக்கு?"

"ஓட்டை மறந்துடக் கூடாதில்ல, அடையாளத்துக்கு."

பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டேன்.