சித்தப்பா கடித்துப் பார்த்த கரி

பெருநகர் என்கிற கிராமத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்கொல்லை உண்டு. வானம் பார்த்த பூமி. வேலிக்கால் நடக் குழி தோண்டியபோது சித்தப்பாவின் கடப்பாரை பட்டு, மண்ணுக்குள் இருந்த பெரிய தாழி ஒன்று உடைந்தது. எப்படியோ சேதி போய், பத்தே நாளில் மெட்ராஸிலிருந்து தொல்பொருள் இலாகா ஜீப் வந்து நின்றது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

வந்தவர்கள் மூன்று பேர். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்தான் அவர்களுக்குப் பெரியவர். இறங்கியதும் கயிறு கட்டிக் கொல்லையை அளந்தார்கள். எங்கள் வீட்டில் சந்தேகம் அங்கேயே முளைத்துவிட்டது. பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில்தான் இருந்தது. கொல்லை கை மாறினால் எங்களுக்குச் சோறு இல்லை.

தோண்டிய மண்ணை டிரம் தண்ணீரில் கரைத்தார்கள். மிதந்த கரியைத் துணியில் வடித்து, மூட்டை கட்டி, வேப்பமரத்தில் உலர்த்தினார்கள். அடியில் தங்கியதைக் கொட்டிவிட்டார்கள். தட்டான் கடை மண்ணைத் தங்கத்துக்காக அலசுகிறவர்கள்கூட அடியில் தங்குவதைத்தானே எடுப்பார்கள்?

"இன்னாம்மா இது?" என்று சித்தப்பா கேட்டேவிட்டார்.

"கரிஞ்ச விதைங்க. ஏரியெல்லாம் வெட்டறதுக்கு ரொம்ப முன்னாடி இந்த இடம் பாலைவனமா வறண்டு கிடந்திருக்கலாம். அப்ப இருந்தவங்க எதைத் தின்னு உயிர் வாழ்ந்தாங்கன்னு இது சொல்லும்."

"விதை பேசுதாம்," என்றார் சித்தப்பா வீட்டுக்கு வந்து. "கரிக்கு எவனாவது ஜீப்பு எடுத்துக்கினு வருவானா? உள்ள வேற இன்னாவோ கீது."

மறுநாள் அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், தாழிக்குள்ளிருந்து வந்த மூட்டையை அவிழ்த்தார். பொடிப்பொடியாகக் கரிமணிகள். களத்தில் நெல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல் ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார். "வரகு," என்றார். முகம் மாறிவிட்டது. "நமக்கு முன்னாடி எவனோ இங்க பயிர் வெச்சிகீறான். அத எழுதிட்டாங்கன்னா நம்ம பட்டா இன்னா ஆவறது?"

கரி முழுவதையும் எங்கள் குப்பைமேட்டில் உதறினார். சித்தி வாணலியில் கருகக் கருக வறுத்துக் கொடுத்த ஒரு பிடி நெல் மூட்டைக்குள் போனது. அதைத் திரும்பக் கட்டித் தொங்கவிட்டவள் நான். பாவாடை கட்டிய பிள்ளைமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

சாயங்காலம் அந்த அம்மாள் மூட்டையைப் பிரித்தார். லென்ஸில் பார்த்தார், மோந்து பார்த்தார். "நெல்லு. அதுவும் இன்னைக்கு வறுத்தது," என்று மெதுவாகச் சொன்னார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. அதற்குப் பிறகு மூட்டைகள் ஜீப்பில் பூட்டிக் கிடந்தன. இப்போது அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்டார்கள்.

கிளம்புகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க நிலம் யாருக்கும் வேணாம் பாப்பா. அந்தக் கரியை எங்க கொட்டினாங்க, அதை மட்டும் சொல்லு. தாழிக்குள்ள கிடைச்சது அது ஒண்ணுதான்."

நிலம் வேண்டாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அப்போதுதான் உஷாராக இருக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லிவைத்திருந்தார். குப்பைமேடு பத்தடியில் இருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று நினைத்தால் கூனிக் குறுகிப்போகிறேன். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அழுகிறார் என்றால் அதில் தங்கம் இருந்திருக்கிறது. ஜீப் மறைந்ததும் குப்பைமேட்டுக்கு ஓடினேன். கையில் கரியாக வந்ததையெல்லாம் வாரி வாரி எறிந்துவிட்டு, பொழுது சாயும்வரை தங்கம் தேடினேன்.