புது புஷ் அப்படித்தான் பேசும்

எங்கள் கூட்டத்தில் அவருக்கு லிஃப்ட் என்று பெயர். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

வேலையில் அவருடைய பழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி மேலும் கீழும் போய் வருவார். தனக்குத் தெரியாத ஒரு சத்தம் காதில் விழுந்தால் போதும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ‘இயங்காது’ என்ற பலகையை மாட்டிவிட்டு இறங்கிவிடுவார். கையில் காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறுகிறவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கட்டடச் செயலாளர் போன் போட்டுக் கத்துவார். இவர் அசைய மாட்டார். காரணம் தெரியாத சத்தத்தோடு எதையும் ஓடவிடக் கூடாது என்பார், அவ்வளவுதான். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரை அலட்சியக்காரர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

நான் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவன். கவிழ்ந்தது, மோதியது, நடுரோட்டில் படுத்துக்கொண்டது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவது என் பிழைப்பு. பழைய விமான ஓடுதளத்தில் டயர்களை அடுக்கி வளைவுகள் அமைத்து எங்கள் ஆட்கள் கார் பந்தயம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கடலை கொறித்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேலை இல்லாவிட்டால் அன்று எல்லோருக்கும் நல்ல நாள். பந்தயம் என்றதும் கோப்பை, கைதட்டல், மாலை என்றெல்லாம் நினைக்க வேண்டாம். பல் டாக்டர், பெயின்ட் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று வாரம் முழுவதும் ஒழுங்காக வேலைக்குப் போகிற மனிதர்கள், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்து பழைய கார்களை விரட்டிப் பார்ப்பார்கள். தன் போன மாத நேரத்தைத் தானே முந்தினால் ஊரையே ஜெயித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

லிஃப்டிடம் இரண்டு பேர் உட்காருகிற ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெயின்ட் ஒரு காலத்தில் சிவப்பு. அவர் அதை ஓட்ட மாட்டார், சரி செய்ய மட்டும்தான் செய்வார். ஓட்டுவது அவருடைய மனைவியின் தம்பி. லிஃப்ட் அவனை மச்சான் என்று கூப்பிட, எங்கள் கூட்டமும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, பேரன் எடுத்த பல் டாக்டர்கூட அவனுக்கு உறவுக்காரர் ஆகிவிட்டார். மச்சான் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவன். வாரம் பூராவும் பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவன், ஓடுதளத்துக்கு வந்தால் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி.

அக்காவுக்கு அவன் தம்பி மட்டும் இல்லை. அம்மா அப்பா போன பிறகு அவள்தான் சோறு போட்டு வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டுக்குள் வந்தாள். லிஃப்ட் அதற்கு முகம் சுளித்ததே இல்லை. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவன்தான் பிள்ளை. அந்தக் காரை வாங்கியதே அவனுக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். கேட்டால், "சும்மா ஒரு பொழுதுபோக்கு" என்பார்.

காரின் பின்பக்கம் வளைவில் தளும்புகிறது என்று மச்சான் ஒருநாள் சொன்னான். அன்றிலிருந்து லிஃப்டுக்குத் தூக்கம் போயிற்று. முதலில் ஸ்பிரிங்குகளை மாற்றினார், பிறகு ஷாக் அப்சார்பர்களை. கடைசியாக புஷ்களில் வந்து நின்றார். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை, காரின் உடம்போடு சேருகிற இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதுதான் புஷ். சக்கரம் வாங்குகிற அடியில் கொஞ்சத்தை ரப்பர் தானே விழுங்கிக்கொள்ளும். வீட்டுக் காருக்கு அது சுகம். பந்தயத்துக்கு ஆகாது, ஏனென்றால் ரப்பர் அமுங்கும்போது சக்கரமும் திசை மாறும். அதனால் எங்கள் ஆட்கள் ரப்பரைக் கழற்றிவிட்டு, கல் மாதிரி இறுகிய மஞ்சள் நிற புஷ்களைப் போடுவார்கள். அவை எதையும் விழுங்காது. அடி அப்படியே உடம்புத் தகட்டுக்குப் போகும்.

லிஃப்ட் அந்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில், பழைய ரப்பரை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் வைத்து நெருக்கி நெருக்கிப் பிதுக்கி எடுத்தார். வராததைச் சூடு காட்டி எடுத்தார். அந்த நாற்றம் சோற்றில்கூட அடிக்கிறது என்று அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டார். அது லிஃப்ட் வேலையில் வந்த பழக்கம். நட்டு ஒரு நூல் அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அடிப்பக்கம் முழுவதையும் சுத்தம் செய்து, துரு பிடிக்காமல் இருக்கத் தார் போன்ற கறுப்பு மருந்தைக் கெட்டியாகப் பூசினார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி பூசினார்.

கார் பறந்தது. மச்சான் இறங்கி வந்து அவரை இடுப்போடு தூக்கிச் சுற்றினான். ஆனால் அடுத்த தடவை வந்தபோது, இடப்பக்க வளைவில் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஏதோ அடிக்கிறது என்றான்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். கெட்டி புஷ் போட்ட கார் சத்தம் போடும். கிறீச்சிடும், முனகும், டொக் டொக்கென்று தட்டும். எல்லோர் காரும் அப்படித்தான். அதனால் எங்களிடம் அது ஒரு குறை இல்லை, பெருமை. சத்தம் வராத கார்க்காரனை இன்னும் ரப்பரிலேயே ஓடுகிறாயா என்று கிண்டல் அடிப்போம். மச்சான் சொன்னதைக் கேட்டுப் பெயின்ட் கடைக்காரர் சிரித்துவிட்டு, இப்போதுதான் அது பந்தயக் கார் ஆகியிருக்கிறது என்று முதுகில் தட்டினார்.

லிஃப்ட் சிரிக்கவில்லை. காரைத் தூக்கி அடியில் நுழைந்து, தான் போட்ட ஒவ்வொரு கோட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கோடுகூட விலகவில்லை. ஒவ்வொரு புஷ்ஷையும் கம்பி விட்டு நெம்பிப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் சொன்னார்:

"ஒண்ணும் இல்ல மச்சான். புது புஷ் அப்படித்தான் பேசும். நீ ஓட்டு."

அவர் தான் மாட்டிய எல்லாவற்றையும் பார்த்தார். ஏற்கெனவே இருந்ததைப் பார்க்கவில்லை. உடம்புத் தகட்டில் யாரும் கோடு போடுவதில்லை.

அடுத்த பந்தயத்தில், அதே இடப்பக்க வளைவில், கார் பின்பக்கமாகத் திரும்பி டயர் அடுக்கைத் தாண்டிச் சுவரில் மோதியது. கடலைப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு நான் ஓடினேன். மச்சான் நினைவோடுதான் இருந்தான். "மாமா, காலை எடுத்துட்டேன்" என்றான் லிஃப்டிடம். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்த மாதிரி கார்கள் பின்பக்கம் சுழன்றுவிடும். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. அதைத்தான் அவன் சொன்னான். அந்தக் காலை அவன் மறுபடி எங்கேயும் வைக்கவில்லை. முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

காரை நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் இறக்கினேன். மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஒருநாள் லிஃப்ட் என்னைக் கூப்பிட்டார். காரின் அடியில் படுத்து, இரும்புக் கை பிய்ந்து வந்த இடத்தைக் காட்டினார். அவர் போட்ட நட்டு அப்படியே இருந்தது, வெள்ளைக் கோடும் அப்படியே இருந்தது. அதைத் தாங்கிய தகடுதான் கிழிந்திருந்தது. கிழிசலின் விளிம்பில் ஒரு பாதி வெள்ளி மாதிரி மின்னியது, மறுபாதி பழுப்பு. மின்னியது மோதிய அன்று கிழிந்தது. பழுப்பேறியது அதற்கு முன்பே விரிசல் விட்டுத் துரு பிடித்தது. அந்த விரிசலின் மேலே அவருடைய கறுப்பு மருந்து கெட்டியாக மூடியிருந்தது. அந்த ‘டொக்’, புஷ் பேசியது இல்லை.

"அவன் காலை எடுத்ததால சுத்தலண்ணே. தகடு கிழிஞ்சு சக்கரம் திரும்பினதாலதான் சுத்துச்சு."

நான் வாயை மூடிக்கொண்டிரு என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நடந்தது நடந்துவிட்டது, சொல்லி யாருக்கு எழுந்து நடக்க வரப்போகிறது? உன் பெண்டாட்டி முகத்தில் நீ எப்படி விழிப்பாய் என்று கேட்டேன். அவர் அந்தத் தகட்டை மட்டும் அறுத்து எடுத்து ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

வீட்டில் மச்சான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரில் மாட்டியிருந்த கேமராவில் பதிவானது. வளைவு வரும், எஞ்சின் அலறும், படம் சுழலும், சுவர் வரும். மறுபடி முதலிலிருந்து. எந்த இடத்தில் காலை எடுத்தேன், ஸ்டியரிங்கைச் சீக்கிரம் திருப்பிவிட்டேனா என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். பக்கத்து அறையில் லிஃப்டுக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தத்தைக் கேட்டே பிழைப்பு நடத்துகிற மனிதர், அதைக் கேட்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போய் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போயிருந்தேன். நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மச்சானுக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டே அக்கா, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்: "அன்னைக்குக் கொஞ்சம் மெதுவா போயிருக்கக் கூடாதாடா? ஊருக்கெல்லாம் மெதுவா போகச் சொல்லிக் குடுத்தியே." அவன் தலையைக் குனிந்துகொண்டு, தப்புத்தான் அக்கா என்றான்.

லிஃப்ட் எழுந்து போனார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், அவர் பார்க்கவில்லை. துணி மூட்டையைக் கொண்டு வந்து மேஜையில் பிரித்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். மின்னுகிற பக்கம், பழுப்புப் பக்கம், கறுப்பு மருந்து, டொக், தான் சொன்ன பதில். ஒன்றையும் குறைக்கவில்லை. "நீ ஒரு தப்பும் பண்ணல மச்சான்" என்று முடித்தார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "காரணம் தெரியாத சத்தம் வந்தா லிஃப்டையே நிறுத்துற மனுஷன்தானே நீங்க?" என்றாள். கத்தவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

மச்சான் அந்தத் தகட்டை எடுத்துக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். ஒருவேளை நான் நினைத்தது தப்பு, இவனுக்குப் பாரம் இறங்கியிருக்கும் போலிருக்கிறது என்று எனக்குக்கூட ஒரு நொடி தோன்றியது.

"ஏன் மாமா சொன்னீங்க?" என்றான். "தினமும் அந்த வளைவுல நான் திரும்பிட்டு இருந்தேன். இங்க திருப்பியிருந்தா, அங்க காலை எடுக்காம இருந்திருந்தா எப்படின்னு. மனசுக்குள்ள ரெண்டு மூணு தடவை சுவத்துல இடிக்காமக்கூட வெளிய வந்துட்டேன். இனிமே எப்படித் திருப்பினாலும் ஒண்ணுதானே."

தகட்டைப் பழையபடி துணியில் சுற்றி அவர் பக்கம் தள்ளி வைத்தான்.

லிஃப்ட் இப்போதும் வேலைக்குப் போகிறார், பலகை மாட்டுகிறார், திட்டு வாங்குகிறார். அக்கா அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை. அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன் வாசலிலேயே நின்று உள்ளே காது கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். மச்சானின் அறையிலிருந்து எந்தச் சத்தமும் வருவதில்லை.