செத்துப் பிழைத்தவள்

நான் பிறந்த கதையை எங்கள் வீட்டில் கேட்காமலே சொல்வார்கள். அம்மாவுக்குக் கால் ரெண்டும் பூசணிக்காயாக வீங்கி, வலிப்பு கண்டு, கண் செருகி, அழுவதற்கு ஆளெல்லாம் வந்து வாசலில் உட்கார்ந்த பிறகுதான் நான் பிறந்தேனாம். மறுநாள் அம்மா கண் விழித்துக் காபி கேட்டாளாம். வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். அன்றிலிருந்து அவளுக்குச் செத்துப் பிழைத்தவள் என்று பெயர். இனி நூறு வயசு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மற்றவர்களுக்குத் தலைவலி வந்தால் கஷாயம் கிடைக்கும். அம்மாவுக்கு வந்தால், "உனக்கின்னா, எமனையே திருப்பி அனுப்புனவ" என்று கேலிதான். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அறுபதுகளில் ஒரு சித்திரை. எனக்கு எட்டு வயசு. ராஜகிரி மலைமேல் அம்மன் திருவிழா. வெயில் ஏறுவதற்கு முன்பே செஞ்சி சனம் முழுக்கப் படிகளில் இருந்தது. நைனா கையை வீசிக்கொண்டு முன்னால் போனார். பொங்கல் பானை, அரிசி, வெல்லம் எல்லாம் அம்மா தலையில். கால் வலிக்குது என்று சிணுங்கிய என்னையும் அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள்.

பாதி மலையில் நின்றாள். "நெஞ்ச இன்னாமோ அடைக்குதுடி" என்றாள். பானை விழுந்து உடைந்தது. அவளும் அப்படியே படியில் சரிந்தாள். ஐயோ, அந்த முகம்! ரத்தமே இல்லாமல் வெளுத்து, வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. எங்கள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்? நைனாவும் கூட வந்த மாமாவும் வேட்டியில் தூளி கட்டி அவளைக் கீழே இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் அடித்துப் பார்த்தார். பிறகு நைனா பக்கம் திரும்பி, "பிரசவத்துல இவங்களுக்கு வலிப்பு வந்துச்சா?" என்று கேட்டார்.

நைனா முகம் தெளிந்துவிட்டது. "ஆமாம்மா! செத்துப் பொழைச்சவ. இவளுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதா? அப்ப வந்த ரத்தக்கொதிப்பு இன்னும் போகலைய்யா. அப்படி வலிப்பு வந்தவங்களுக்குப் பின்னாடி நெஞ்சுல கோளாறு வரலாம். அடிக்கடி கூட்டியாந்து காட்டியிருக்கணும். யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நைனா சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. உப்பைக் குறைக்கணும், மாத்திரையை நிறுத்தக் கூடாது, மலையேறவே கூடாது என்று டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். வெளியே வந்ததும் மலையைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"தாயே, அவள எழுப்பிக் குடுத்துடு. வருசா வருசம் மலையேறி வந்து உனக்குப் பொங்கல் வைப்பா."

நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அம்மா எழுந்தாள். டாக்டரம்மாவிடம் ஆட்டிய தலையை மறந்துவிடலாம், அம்மனிடம் கொடுத்த வாக்கை மறக்க முடியுமா? அடுத்த சித்திரையில் மலையேறினாள். "சீக்கிரம் வாம்மா!" என்று கத்திக்கொண்டே நான் முன்னால் ஓடினேன். அவள் படிக்குப் படி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறினாள். என்மேல் உள்ள ஆசையில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அப்படிச் சிரித்தாள் என்பது அந்த வயசில் எனக்குத் தெரியவில்லை.